அசையும் சொத்து

கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு விடுதியில் தங்கியிருந்த தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவரையும் சென்னை, பெங்களூர்க்காரர்களையும் நம்பி அந்தப் பக்கம் இப்படிப் பல விடுதிகள் முளைத்துவிட்டன. அறை நடுவில் ஒரு பழைய தேக்குக் கட்டில். கடைசல் பிடித்த கால்கள், தலைமாட்டில் கொடி வேலைப்பாடு, கொசுவலை கட்ட நான்கு கம்பங்கள். பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்த மரபீரோ. ஜன்னலோரம் மூன்று இழுப்பறைகளுடன் ஓர் அலங்கார மேசை. மூன்றும் ஒரே மரம், ஒரே மெருகு. சுவரில் சட்டம் போட்ட ஒரு குறிப்பு மாட்டியிருந்தது: 1950களின் படுக்கையறைத் தொகுப்பு, பர்மா தேக்கு, காரைக்குடியில் வாங்கி மூல வடிவம் கெடாமல் புதுப்பித்தது.

விடுதிக்காரர் நல்ல மனிதர். நான் கட்டிலைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு மகிழ்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். எந்தத் தெருவில் வாங்கினார், எத்தனை பூச்சு பெயின்ட் ஏறியிருந்தது, சுரண்ட எத்தனை நாள் ஆனது என்று எல்லாம் சொன்னார். நான் ஒன்றுதான் கேட்டேன்: "இது யாருடைய கட்டில்?"

"செட்டியார் வீட்டுக் கட்டில், மேடம்."

"அந்த வீட்டில் யாருடையது?"

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகக் கேட்பதாக நினைத்துவிட்டார். கட்டில் வீட்டுடையது, வீடு ஆணுடையது, அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

கேட்க இருக்கிறது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட கட்டில், பீரோ, கண்ணாடி மேசை என்று இன்று நாம் விலை கொடுத்து வாங்கும் பொருட்களில் பெரும்பகுதி ஒரு பெண்ணின் சீராக வந்தவை. அவளுக்கு நிலத்தில் பங்கு இல்லை என்று சொல்லாமல் சொல்லிக் கொடுக்கப்பட்டவை. அந்தக் கட்டில் அவளுடைய பங்கு பறிக்கப்பட்டதற்கான ரசீது. அதை மெருகேற்றி விற்கும்போது முதலில் அழிவது அந்த ரசீதுதான்.

என் ஆயாவின் கட்டிலிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஆரணிப் பக்கத்திலிருந்து 1954இல் திருவண்ணாமலைக்கு மருமகளாக வந்தார். கட்டிலைச் செய்ய அவருடைய அப்பா வீட்டுக் கொல்லையில் ஆசாரி ஒருவர் ஒரு மாதம் தங்கி வேலை பார்த்தாராம். கட்டிலும் ஒரு மரபீரோவும் மாட்டு வண்டியில் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது என்பது எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையில் சொல்லப்படாத ஒன்றும் உண்டு. ஆயா அந்தக் கட்டிலில் படுத்த காலம் மிகக் குறைவு. அது தாத்தாவின் கட்டில் ஆகிவிட்டது. ஆயா சமையலறை நிலைப்படியோரம் வந்தவாசிக் கோரைப்பாயில் படுத்தார். மாதத்தில் 3 நாள் கட்டிலைத் தொடவே கூடாது. 5 பிரசவங்களும் பாயில். பீரோவின் சாவி மாமியார் இடுப்பில் இருந்தது. அவர் இறந்த பிறகுதான் ஆயாவின் கைக்கு வந்தது. அப்போது பீரோவுக்குள் ஆயாவின் பொருள் என்று சொல்ல நான்கு புடவைகள் இருந்தன.

1971இல் ஆயாவின் அப்பா இறந்தார். காரியம் முடிந்த கையோடு தம்பிகள் இருவரும் ஒரு பத்திரத்தோடு வந்தார்கள். விடுதலைப் பத்திரம். பெயரைக் கவனியுங்கள். யாரிடமிருந்து யாருக்கு விடுதலை? தன் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுப்பதாக அக்கா எழுதிக் கொடுப்பதுதான் அந்த விடுதலை. ஆயா கையெழுத்துப் போடத் தெரிந்தவர். போட்டார். ஏன் போட்டீர்கள் என்று பின்னாளில் கேட்டேன். "கட்டிலும் பீரோவும் செஞ்சி போட்டாங்களே, அதுக்கப்புறம் என்னான்னு கேக்கறது?" என்றார்.

1999இல் பழைய சாமான் வாங்கும் ஒருவருக்கு அந்தக் கட்டிலைப் பெரியப்பா 1,200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இரும்புக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டார். தெருவில் வண்டி நகரும் சத்தம் கேட்டு ஆயா வெளியே வந்தார்.

"யாரைக் கேட்டுடா வித்த?"

"உன் கட்டிலாம்மா? நீ என்னிக்கும்மா அதுல படுத்த?"

"படுக்கலைன்னா என்னுது இல்லன்னு ஆயிடுமா?"

நான் அப்போது கல்லூரி மாணவி. அந்தக் கேள்வி எவ்வளவு துல்லியமான சட்டக் கேள்வி என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

ஆயா மணமாகி வந்த இரண்டாம் ஆண்டில், 1956இல், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவு, ஓர் இந்துப் பெண்ணின் உடைமையாக உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது. அசையும் சொத்து, அசையாச் சொத்து இரண்டுக்கும் அது பொருந்தும். அதே சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனோடு சமமாக மகளுக்கும் பங்கு தந்தது. அதாவது, 1971இல் தம்பிகள் கொண்டுவந்த பத்திரம் தானம் கேட்கும் பத்திரம். தம்பிகள் அதை வழக்கம் என்றார்கள். ஆயா நன்றிக்கடன் என்று நினைத்தார்.

கட்டிலுக்குத்தான் அந்த நன்றிக்கடன். பெண்ணுக்கு அசையும் சொத்து, ஆணுக்கு அசையாச் சொத்து. பாத்திரம், நகை, கட்டில், பீரோ ஆகிய எல்லாம் வண்டியில் ஏறக்கூடியவை. நிலம், வீடு, கிணறு ஏறாது. பெண்ணையும் வண்டியில் ஏற்றலாம். எனவே அவளும் அந்தப் பட்டியலில்தான் இருந்தாள். அசையும் பொருளின் குணம் எது? பயன்படுத்தப் பயன்படுத்த விலை குறையும், பெயர் அழியும், யார் வீட்டில் இருக்கிறதோ அவருடையதாகிவிடும். நிலத்தின் குணம் நேர் எதிர். அது விலை ஏறும், பட்டாவில் பெயர் இருக்கும். நமக்குக் கொடுக்கப்பட்டது தேய்வது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது வளர்வது. இதைத்தான் "பெண்ணுக்குக் குறையில்லாமல் செய்தோம்" என்கிறார்கள்.

இது ஏதோ எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமன்று. சில இடங்களில் சட்டமாகவே எழுதிவைக்கப்பட்டிருந்தது. 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அது செல்லுபடியாயிற்று. யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டத்தில், சீதனம் பெற்றுப் போன மகள் பெற்றோரின் முதுசத்தில் உரிமை கோர முடியாது. அங்கே சீதனத்தில் வீடும் காணியும் உண்டு. ஆனால், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அந்தப் பெண் அவற்றை விற்க முடியாது. மதம் மாறலாம், கடல் தாண்டலாம். சீர் என்பது பங்கை அடைக்கும் தாழ்ப்பாள் என்பது மட்டும் மாறவில்லை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் வந்தது 1989இல். 60 ஆண்டுகள். அந்தத் திருத்தமும் 1989 மார்ச் 25க்கு முன்பு திருமணமான பெண்களை வெளியே நிறுத்தியது. என் அம்மாவும் அவர் தலைமுறையும் அப்படித்தான் விடுபட்டார்கள். நாடு முழுமைக்குமான 2005 திருத்தம்தான் அந்தக் கோட்டை அழித்தது. 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளின் உரிமை உரிமைதான் என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1989க்கு முன் போன ஒவ்வொரு கட்டிலையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

இப்போது விடுதியில் பார்த்த கட்டில் புறப்பட்ட இடத்துக்கு, செட்டிநாட்டுக்கு, வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தூண், கதவு, தொட்டில், மரவை, பீங்கான், எனாமல் அடுக்கு, கண்ணாடி பீரோ, கட்டில் எல்லாம் கடை கடையாகக் கிடக்கும். பர்மாவில் வட்டித் தொழில் செய்து வந்த பணமும் பர்மாத் தேக்கும் சேர்ந்து எழுந்த வீடுகள் அவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சி, 1942இல் ஜப்பான் படையெடுப்பு, சுதந்திர பர்மாவின் நில நாட்டுடைமை எல்லாம் அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. பராமரிக்க முடியாத வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, சில பிரித்தே விற்கப்பட்டன.

பங்காளி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பங்கை ஆள்பவர். தமிழில் 20 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். உறவுமுறையில் இந்தச் சொல்லுக்கு ஒரு பெண்பாலை நான் கண்டதில்லை. கூடப்பிறந்த அக்கா பங்காளி ஆகமாட்டாள்.

ஆனால் அந்த வீடுகளில் இருந்த கட்டிலும் பாத்திரமும் யார் மூலம் வந்தவை? நகரத்தார் திருமணத்தில் சாமான் பரப்புதல் என்றே ஒரு சடங்கு உண்டு. பெண்ணுக்குத் தரும் பொருட்களை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை; அந்த அறையை நிறைப்பது அவன் மனைவி கொண்டுவந்த பொருட்கள். சீர்ப்பொருள் பெண்ணுடையது என்ற எண்ணம் மற்றப் பல சமூகங்களைவிட அங்கே வலுவாகவே இருந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த பொருளுக்கே இன்று "செட்டியார் வீட்டுக் கட்டில்" என்றுதான் பெயர். "ஆச்சியின் கட்டில்" என்று எந்த விலைச்சீட்டிலும் எழுதுவதில்லை.

புதுப்பித்தல் என்பது என்ன வேலை என்று பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் காஸ்டிக் சோடாவோ பெயின்ட் ரிமூவரோ பூசிப் பழைய பூச்சைக் கிளப்புவார்கள். பிறகு தகட்டால் சுரண்டுவார்கள். உப்புத்தாளை முரடிலிருந்து நைசு வரை மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள். விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பார்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் தோய்த்து, வட்டம் வட்டமாக, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றுவார்கள். அருமையான வேலை. மரத்தின் ரேகை எழுந்து வரும்போது எனக்கும் மனம் பூரிக்கிறது. ஆனால் சுரண்டும்போது என்ன போகிறது? பீரோ முதுகில் வெள்ளை பெயின்டில் எழுதிய முதலெழுத்துகள் போகின்றன. உட்கதவில் சுண்ணாம்பால் குறித்த பால் கணக்கும் பிள்ளை பிறந்த தேதியும் போகின்றன. கண்ணாடி ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்த சாந்துப்பொட்டின் கறை போகிறது. கட்டில் காலில் தூளி கயிறு உரசிய தடம் போகிறது. ஒரு பெண் அங்கே வாழ்ந்ததற்கான சான்றுகள் இவைதாம். வாங்குபவருக்கு இவை அழுக்கு. மரத்தின் வயது வேண்டும். மனுஷியின் வயது வேண்டாம்.

இது புதிய பழக்கமன்று. நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். அரசியின் கட்டிலை நக்கீரர் விரிவாகக் காட்டுகிறார். யானைக் கொம்பைச் செதுக்கிய தொழில் நேர்த்தி, காலின் திரட்சி, விரிப்பு, அன்னத்தின் தூவி நிரப்பிய மெத்தை என்று எதுவும் விடுபடவில்லை. அந்தக் கட்டிலில் ஒரு பெண் தனியாக அழுதுகொண்டிருக்கிறாள், கணவன் பாசறையில். அவள் பெயர் நமக்குத் தெரியாது. அகமரபில் பெயர் சுட்டக் கூடாது என்று இலக்கணம் சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். மரபு அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிலுக்கு நுணுக்கமான வர்ணனையும் அதில் கிடப்பவளுக்குப் பெயரின்மையும் என்ற இந்தப் பழக்கம் நம் கண்ணில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பழம்பொருள் கடையின் குறிப்புச் சீட்டு அதே கண்ணால் எழுதப்படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழந்தமிழில் கட்டில் என்றால் அரியணையும்தான். கட்டில் ஏறினான் என்றால் அரசன் ஆனான் என்று பொருள். வீட்டுக் கட்டிலில் ஏறியவரும் அப்படியேதான் நடந்துகொண்டார்.

பெயர் அழிவது வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் நேர்வதில்லை. 1950களின் மரச்சாமானுக்கு இன்று உலகச் சந்தையில் மவுசு கூடியதற்குச் சண்டிகர் நாற்காலிகள் ஒரு காரணம். அந்த நகரத்தின் அரசு அலுவலகங்களுக்காகச் செய்த தேக்கு நாற்காலிகளும் மேசைகளும் உடைசல் என்று ஒதுக்கப்பட்டு, அடிமாட்டு விலைக்கு ஏலம் போய், பிறகு ஐரோப்பிய, அமெரிக்க ஏல மையங்களில் பெருந்தொகைக்கு விற்றன. அவற்றின் மீது ஒட்டப்படும் பெயர் பியர் ஜானரே. அவருடன் அந்த மரச்சாமான் வடிவமைப்பில் வேலை செய்தவர்களில் யூலி சௌத்ரி என்ற பெண் கட்டடக் கலைஞரும் ஒருவர். பின்னாளில் பஞ்சாபின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனவர். படித்து, பதவியில் இருந்து, வடிவமைத்தவருக்கே பெயர் ஓரத்துக்குப் போகிறது என்றால், சீராகக் கொண்டுவந்தவளுக்கு எப்படிப் பெயர் இருக்கும்?

இதுவரை கட்டிலைச் சொத்தாகப் பேசினேன். அது படுக்கையும்கூட. இந்த அறைகளை அழகு என்று விற்பவர்கள் பேசவே பேசாத பகுதி இது. "அந்தக் காலத்துத் தாம்பத்தியத்தின் நிதானம்" என்பதுபோல் ஒரு மயக்கத்தைச் சேர்த்தே விற்கிறார்கள். 1950களில் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 15. அது 18 ஆனது 1978இல். 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பிரிந்து போன துணையை மீண்டும் சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரும் உரிமையைத் தந்தது. எழுத்தில் இருபாலருக்கும் பொது. நடப்பில் மனைவியைத் திரும்பக் கட்டிலுக்கு இழுக்கும் கயிறு. நடிகை சரிதாவின் வழக்கில் 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சௌத்ரி இந்தப் பிரிவு பெண்ணின் உடல் மீதான அவள் உரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி அதை ரத்து செய்தார். மறு ஆண்டே, வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. இன்றும் அது இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வன்புணர்ந்தால் அது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது. பழைய கட்டிலுக்குப் புது மெருகு போடுவது எப்படி என்று இந்த நாட்டின் சட்டமன்றங்களுக்கும் தெரியும்.

மறுப்புகள் வரும். மரத்தைக் காப்பாற்றுகிறார்களே, புதிய மரம் வெட்டாமல் தடுக்கிறார்களே, ஆசாரிகளுக்கு வேலை கிடைக்கிறதே என்பார்கள். உண்மை. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்து ஐந்து வருடத்தில் உப்பிப்போகும் கட்டிலைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நான் எந்தக் கட்டிலையும் அடுப்பில் வைக்கச் சொல்லவில்லை. மரத்தின் வரலாற்றைச் சொல்லி விலை ஏற்றுகிறீர்கள் அல்லவா, அந்த வரலாற்றில் பாதியை ஏன் மறைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"என் பாட்டி அந்தக் கட்டிலில் சந்தோஷமாகத்தான் இருந்தார்" என்பார்கள் சிலர். இருந்திருக்கலாம். சீராக வந்த பொருளின் மீது பெண்கள் வைத்த பிரியம் பொய்யன்று. பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்தோமே, அந்தப் பிரியம்தான். நமக்கென்று கிடைத்த ஒரே பொருள் அது என்பதால் அத்தனை பிரியம். பிரியத்தைக் காட்டி அநியாயத்தை நியாயமாக்க முடியாது.

இன்னொரு கேள்வி என்னை நோக்கியே வர வேண்டியது. கட்டில் இருந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி மட்டும் பேசலாமா? தேக்குக் கட்டில் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. ஆதிக்கச் சாதியினர் வரும்போது கயிற்றுக் கட்டிலில்கூட உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் வாழ்ந்த தலித் பெண்களுக்குச் சீரும் இல்லை, பங்கு கேட்க நிலமும் இல்லை. என் ஆயாவிடமிருந்து நழுவிய நஞ்சையில் நாற்று நட்டவர்கள் அவர்கள். என் கோபம் ஆயாவோடு நின்றுவிட்டால் அது வெறும் குடும்பச் சண்டை. நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியில் சாதியும் பெண்ணும் சேர்ந்தே வர வேண்டும். இன்று அதே நிலத்தில் பலது மனைகளாகி விடுதிகளாகின்றன. அந்த விடுதிகளில் அந்தக் கட்டில்கள் போடப்படுகின்றன. படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்கு அந்தப் பெண்களின் பேத்திகள் வருகிறார்கள். சுற்று முழுமையாகிவிட்டது. பட்டாவில் மட்டும் பெண்ணின் பெயர் அரிது.

மாணவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. கட்டில், பீரோ, மெத்தை, மிக்சி, கிரைண்டர் என்று பட்டியல் பேசுகிறார்கள். பழைய பாணி மீண்டும் வந்துவிட்டதால், புதுப்பித்த தேக்குக் கட்டில் கேட்கும் மாப்பிள்ளை வீடும் உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. அதன்கீழ் 1985இல் வந்த விதிகள், திருமணத்தின்போது தரப்படும் அன்பளிப்புகளைப் பட்டியலாக எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்கின்றன. அப்படிப் பட்டியல் எழுதிய ஒரு திருமணத்தையும் நான் பார்த்ததில்லை. மொய்க்கு நோட்டுப் போடுகிறோம், சீருக்குப் போடுவதில்லை. மொய் ஆண்களுக்குள் திரும்ப வர வேண்டிய கடன். சீர் திரும்ப வரக் கூடாத பொருள். அதனால்தான் அதற்கு நோட்டு இல்லை.

சீதனம் மனைவியுடையது, கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது அவனுடையதாகிவிடாது, திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் வேறொரு வழக்கிலும் கணவனுக்கு அதில் ஆதிக்கம் இல்லை என்று மீண்டும் சொன்னது. படுக்கவில்லை என்றால் என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா என்ற ஆயாவின் கேள்விக்கு, அவர் கேட்பதற்கு 14 ஆண்டுகள் முன்பே பதில் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்த ஆண்கள் சொல்லவில்லை.

ஆகவே, சில காரியங்கள். வீட்டில் இருக்கும் பழைய கட்டில், பீரோ, அண்டா எதுவானாலும், அது யார் சீராக எந்த ஆண்டு வந்தது என்று அம்மாவிடமும் ஆயாவிடமும் கேட்டு எழுதி வையுங்கள். விற்பதானால் அவர் கையெழுத்து, அவர் கையில் பணம். விலைச்சீட்டு எழுதும் கடைக்காரர்கள், மரத்தின் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவரின் பெயரைக் கேட்டு எழுதட்டும். தெரியாவிட்டால் "ஒரு பெண்ணின் சீர்" என்றாவது எழுதட்டும். அண்ணன் தம்பி விடுதலைப் பத்திரம் கொண்டு வந்தால், படித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள். பாசம் குறைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். நாலு கையெழுத்துக்குக் குறைகிற பாசத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம்? சீர் செய்ய ஒதுக்கும் பணத்தைப் படிப்புக்கோ, உங்கள் பெயரில் ஒரு துண்டு மனைக்கோ கேளுங்கள். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை இந்த மாநிலம் 2022இல் பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றியது. கல்யாணத்துக்குக் கொடுப்பதைவிடப் படிப்புக்குக் கொடுப்பது மேல் என்று ஓர் அரசாங்கத்துக்கே புரிந்திருக்கிறது. நம் வீடுகளுக்குப் புரிய வைப்பது நம் வேலை.

இந்த ஊரில் தை மாதம் திருவூடல் நடக்கும். அதன் பெயரில் தெருவே இருக்கிறது. உண்ணாமுலை அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அண்ணாமலையார் அன்றிரவு வெளியே வேறு கோயிலில் தங்க வேண்டும். உடம்பில் பாதி கொடுத்த ஊர் என்று பெருமை பேசுகிறோம். பாதி உடம்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கதவு. வீடு அவளுடையது என்பதால்தான் அவளால் சாத்த முடிகிறது. எங்கள் ஆயா ஊடினால் போய்ப் படுக்க அவருக்குச் சமையலறை நிலைப்படிதான் இருந்தது.

விடுதியிலிருந்து கிளம்பும்போது விடுதிக்காரர் வருகையாளர் குறிப்பேட்டை நீட்டினார். அறை அழகாக இருக்கிறது என்று எழுதினேன். அதன் கீழே, இந்தக் கட்டிலைச் சீராகக் கொண்டுவந்த பெண்ணின் பெயரை விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள் என்றும் எழுதினேன். அவர் படித்துவிட்டு, "அதை எங்கே போய் விசாரிக்கிறது, மேடம்?" என்றார்.

விற்றவரிடம் கேட்டிருக்கலாம். வாங்கும்போதே.